பழைய நீராவி எஞ்சினை ஓடவைக்கக் கிளம்பும் தன்னார்வலர்களுக்கு: எதை முதலில் செய்வது, எதை ஒத்திப்போடுவது

பல வருஷமாக நின்றுபோன ஒரு நீராவி எஞ்சினைப் புதுப்பித்து, பாரம்பரிய ரயில் பாதை ஒன்றில் ஓடவிடும் குழுவில் சேரப் போகிறீர்களா? அல்லது நாலைந்து பேர் சேர்ந்து அப்படி ஒரு குழுவைத் தொடங்கப் போகிறீர்களா? இது உங்களுக்காக எழுதியது. எங்கள் குழு இந்த வேலையைத் தட்டுத்தடுமாறித்தான் கற்றுக்கொண்டது. ஸ்பேனர் பிடிக்கச் சொல்லித்தர ஆட்கள் கிடைத்தார்கள். எந்தக் காகிதத்தை எப்போது வாங்குவது, எந்தச் செலவு எதற்குப் பின்னால் வரும் என்று சொல்லத்தான் யாரும் கிடைக்கவில்லை.

வரிசைதான் இதில் எல்லாம். பட்டறை வேலைகளில் பாய்லரை முதலில் ஆராய வேண்டும். ஆனால் அதன் இறுதிச் சோதனையைக் கடைசியில் வைக்க வேண்டும். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

1. எஞ்சின் யாருடையது என்று எழுத்தில் வாங்குங்கள்

பூங்காவிலோ அருங்காட்சியகத்திலோ ஸ்டேஷன் வாசலிலோ நிற்கும் எஞ்சின்களில் பலவற்றுக்கு உரிமையாளர் ஒருவர், வைத்திருப்பவர் இன்னொருவர். ரயில்வே இரவலாகக் கொடுத்திருக்கும், உள்ளாட்சி பராமரித்துக்கொண்டிருக்கும், இடம் வேறு யாருடையதாகவோ இருக்கும். “எடுத்துக்கொண்டு போங்கள், யாரும் கேட்க மாட்டார்கள்” என்று ஒருவர் வாயால் சொன்னதை நம்பிக் கிரேன் ஏற்பாடு செய்யக் கூடாது.

விலைக்கு வாங்கினால் விற்பனைப் பத்திரத்தில் எஞ்சின் எண், பாய்லர் எண், டெண்டர் (நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் பின்வண்டி) எண் மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும். அந்தக் காலப் பணிமனைகளில் பாய்லர்களை ஒரு எஞ்சினிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிப் போடுவது வழக்கம். அதனால் எஞ்சின் எண்ணும் பாய்லர் எண்ணும் ஒரே வரலாற்றைச் சொல்லாது. தனியாகக் கிடக்கும் உதிரிப் பாகங்களுக்கும் ஒரு பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.

இரவலுக்கு வாங்கினால் கவனம் இன்னும் அதிகம் வேண்டும். ஒப்பந்தக் காலம் புதுப்பிக்கும் வருஷங்களையும், அதற்குப் பிறகு ஒரு முழு பாய்லர் சான்றிதழ்க் காலத்தையும் சேர்த்து இருக்க வேண்டும். ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால், உங்கள் உழைப்பு முடியும் நேரத்தில் எஞ்சின் கைவிட்டுப் போய்விடலாம். நீங்கள் புதிதாகச் செய்து போட்ட பாகங்கள் யாருக்குச் சொந்தம், நடுவில் ஒப்பந்தம் முறிந்தால் செலவை யார் தருவது என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். எல்லாரும் நல்லவர்களாக இருக்கும்போதே இதைப் பேசிவிடுவது நல்லது.

ரயில் பாதைக்காரர்களோடு போடும் ஒப்பந்தம் தனி. ஷெட்டில் இடம், மின்சாரம், தண்ணீர், எஞ்சின் ஓடும் நாளுக்கு உங்கள் குழுவுக்கு வரும் தொகை, அன்றாடப் பராமரிப்பு யார் பொறுப்பு, இதெல்லாம் அதில் வர வேண்டும். அந்தப் பாதையின் அகலம், வளைவு, பாலங்கள் தாங்கும் அச்சுச் சுமை எல்லாம் உங்கள் எஞ்சினுக்குப் பொருந்துமா என்று அவர்களது பொறியாளரிடம் எழுத்தில் கேளுங்கள். பெரிய எஞ்சினைப் புதுப்பித்த பிறகு “எங்கள் பாலம் தாங்காது” என்ற பதில் வந்தால் செய்வதற்கு ஒன்றுமே இருக்காது.

2. குழுவுக்குச் சட்ட வடிவம் கொடுங்கள்

அறக்கட்டளை, சங்கம், லாபநோக்கற்ற நிறுவனம், உங்கள் நாட்டில் எது எளிதோ அது. தனி வங்கிக் கணக்கும் பொதுப் பொறுப்புக் காப்பீடும் உடனே வேண்டும். பதிவு பெறாத குழுவோடு பாய்லர் பட்டறையோ கிரேன் நிறுவனமோ காப்பீட்டு நிறுவனமோ ஒப்பந்தம் போடத் தயங்கும். மானியம் தரும் அமைப்புகளும் பதிவுச் சான்றிதழையும் தணிக்கைக் கணக்கையும்தான் முதலில் கேட்கும்.

3. பழைய காகிதங்களைத் தேடுங்கள்

பாய்லர் வரைபடம், கடைசிப் பரிசோதனை அறிக்கை, எப்போது டியூப் (நெருப்பின் சூடான புகை பாய்லருக்குள் போகும் குழாய்) மாற்றினார்கள், எங்கே ஒட்டுப் போட்டார்கள், எந்த அழுத்தத்தில் ஓட்டினார்கள் என்பவை வேண்டும். எங்களுக்கு எஞ்சின் தந்த தரப்பு “எல்லா ரெக்கார்டும் இருக்கிறது” என்று சொன்னது. வந்தது ஒரு பெயின்ட் அடித்த ரசீது மட்டும். அதன் பிறகு ஆவணக் காப்பகங்களிலும், அதே வகை எஞ்சினை ஏற்கெனவே ஓட்டும் குழுக்களிடமும் கேட்டுத்தான் வரைபடங்களைச் சேர்த்தோம். ஒரே வகை எஞ்சினைப் பராமரிக்கும் இன்னொரு குழு இருந்தால் அவர்களோடு நட்பு பிடித்துக்கொள்ளுங்கள். மரத்தில் செதுக்கிய வார்ப்பு மாதிரிகளை இரவல் தருவார்கள். உங்கள் பட்ஜெட்டில் பெரிய ஓட்டை ஒன்று அதிலேயே அடைபடும்.

எந்தக் காகிதம் கட்டாயம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் 2000-ஆம் ஆண்டின் அழுத்தக் கருவி விதிகளின்படி, எதை, எப்போது, எப்படிச் சோதிப்பது என்று எழுதிய பரிசோதனைத் திட்டம் இல்லாமல் பாய்லரை இயக்க முடியாது. அமெரிக்காவில் ஃபெடரல் ரயில்ரோடு நிர்வாகத்தின் விதிகள், பாய்லரின் ஒவ்வொரு தகட்டின் தடிமனையும் பலத்தையும் கணக்கிட்டுக் காட்டும் ‘ஃபார்ம் 4’ என்ற படிவத்தைக் கேட்கின்றன. உங்கள் ஊரில் பாய்லருக்குக் கையெழுத்துப் போடும் அதிகாரம் யாருக்கு என்பதைக் கண்டுபிடித்து, வேலை தொடங்கும் முன்பே அவரை ஒருமுறை அழைத்துக் காட்டுங்கள். பாதி வேலை முடிந்தபின் வரும் இன்ஸ்பெக்டருக்குக் காட்ட வேண்டியவை உள்ளே மறைந்துபோயிருக்கும். பிறகு பிரித்துத்தான் காட்ட வேண்டும்.

4. தகட்டைக் கழற்றுமுன் கல்நார் சோதனை

பாய்லரின் வெளித்தகட்டுக்கு அடியில் சூடு காக்கும் உறை இருக்கும். பழைய எஞ்சின்களில் அது பெரும்பாலும் கல்நார், அதாவது அஸ்பெஸ்டாஸ். உள்ளே பஞ்சுபோல, சாம்பல் நிறத்தில், கைபட்டால் உதிரும். ஆர்வக் கோளாறில் முதல் நாளே அந்தத் தகட்டைப் பிரிக்கத் தோன்றும். தொடாதீர்கள். மாதிரியைக்கூட நீங்களாக எடுக்க வேண்டாம். பயிற்சி பெற்றவரை வைத்து எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். இருப்பது உறுதியானால் உரிமம் பெற்ற நிறுவனத்தை வைத்து அகற்றி, ‘இடம் சுத்தம்’ என்ற சான்றிதழை வாங்கிக் கோப்பில் வையுங்கள். அந்தச் சான்றிதழ் இல்லாமல் நல்ல பாய்லர் பட்டறை எதுவும் உங்கள் பாய்லரை உள்ளே விடாது. எஞ்சினை இடம் மாற்றுவதற்கு முன்பே இதை முடித்தால் போக்குவரத்துக்காரர்களோடு தகராறு வராது.

பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும் என்று வைத்துக்கொண்டே சுரண்டுங்கள்; முகமூடி இல்லாமல் கிரைண்டர் வைக்காதீர்கள்.

5. எஞ்சினை இடம் மாற்றுவது

பழைய ஏடுகளில் இருக்கும் எடை பெரும்பாலும் தண்ணீரும் நிலக்கரியும் நிரம்பிய நிலையில் போட்டது. காலி எடை வேறு. கிரேன் நிறுவனத்துக்கும் சாலை அனுமதிக்கும் எந்த எடையைக் கொடுக்கிறீர்கள் என்று தெளிவாகச் சொல்லுங்கள். அனுமதிக்கு வழித்தட வரைபடம், அச்சு வாரியான சுமை, காப்பீட்டுக் கடிதம் மூன்றும் கேட்பார்கள். கிரேன் தூக்கும்போது ஏற்படும் சேதம் சாதாரண வண்டிக் காப்பீட்டில் வராது. தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

6. பாய்லர் ஆய்வு: இங்கே பணம் போடுங்கள்

பெயின்ட் அடிக்கத் துடிக்கும் கைகளைக் கட்டிப்போட வேண்டிய கட்டம் இது. வெளியே பளபளவென்று இருக்கும் எஞ்சினின் பாய்லர் உள்ளே சல்லடையாக இருக்கலாம்.

டியூப்களை எல்லாம் வெளியே எடுக்காமல் பாய்லரின் உட்புறத்தை முழுதாகப் பார்க்க முடியாது. பழைய டியூப்களைக் காப்பாற்ற நினைக்க வேண்டாம். எப்படியும் புதிதுதான் போட வேண்டும். அவை வெளியே வந்ததும் உள்ளே படிந்த உப்பையும் துருவையும் சுத்தம் செய்து, தகடுகளின் தடிமனை அல்ட்ராசோனிக் கருவியால் கட்டம் கட்டமாக அளக்கச் சொல்லுங்கள். நாலு இடத்தில் மட்டும் வைத்து “நன்றாக இருக்கிறது” என்று தரும் அறிக்கைக்குக் காசு கொடுக்காதீர்கள்.

பார்க்கச் சொல்ல வேண்டிய இடங்கள் இவை. பாய்லர் உருளையின் அடிப்பகுதியில், அதிலும் முன்பக்கம், குழி குழியாக அரிப்பு இருக்கும். முன்னால் புகை சேரும் பெட்டியான ஸ்மோக்பாக்ஸின் அடியில் சாம்பல் ஈரத்தோடு கிடந்து அமிலமாகித் தகட்டைத் தின்றிருக்கும். நெருப்பு எரியும் பெட்டியான ஃபயர்பாக்ஸின் அடியில் சுற்றிவரும் வளையத்தை ஒட்டிய பகுதியில் சேறு தங்கும். அப்புறம் ஸ்டேக்கள். ஃபயர்பாக்ஸின் உள்தகட்டையும் வெளித்தகட்டையும் இழுத்துப் பிடித்திருக்கும் இந்தக் கம்பிகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். பெரிய எஞ்சினில் ஆயிரத்தைத் தாண்டும். அனுபவசாலி ஒருவர் சின்னச் சுத்தியலால் ஒவ்வொன்றின் தலையிலும் தட்டிக்கொண்டே போவார். நல்ல ஸ்டே ணங் என்று ஒலிக்கும். உடைந்தது சொத்தென்று அடங்கிவிடும். அப்படி ஒன்று வந்ததும் அவர் சாக்பீஸால் வட்டம் போடுவார். சில வகை ஸ்டேக்களில் நடுவே மெல்லிய துளை இருக்கும். ஸ்டே உடைந்தால் அதன் வழியே நீராவி வெளியேறிக் காட்டிக்கொடுப்பதற்காக வைத்தது. அந்தத் துளையை யாராவது அடைத்துவைத்திருந்தால் பழைய பராமரிப்பு எப்படி இருந்தது என்று அதிலேயே தெரிந்துகொள்ளலாம்.

ஃபயர்பாக்ஸ் செம்பா எஃகா என்பதும் செலவைத் தலைகீழாக மாற்றும். பிரிட்டிஷ் வகை எஞ்சின்களில் பெரும்பாலும் செம்பு. அமெரிக்க வகையில் எஃகு. செம்புத் தகடு மெலிந்திருந்தால் மாற்றுவதற்குப் பெரிய தொகை ஆகும். அந்த வேலை தெரிந்த பட்டறைகளும் குறைவு.

இந்த அறிக்கை கையில் வந்த பிறகுதான் எஞ்சினை ஓடவைப்பதா, காட்சிப் பொருளாக அழகுபடுத்துவதோடு நிற்பதா என்று குழு கூடி முடிவெடுக்க வேண்டும். காட்சிக்கு வைப்பதும் மரியாதையான முடிவுதான்.

7. பட்ஜெட்

எஞ்சினின் விலை மொத்தச் செலவில் சிறு பகுதியாகவே இருக்கும், அல்லது இருக்க வேண்டும். பிரிட்டனின் தேசிய ரயில்வே அருங்காட்சியகம் ‘ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன்’ எஞ்சினை 2004-இல் 23 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. 2006-இல் தொடங்கிய புதுப்பிப்பு 2016-இல்தான் முடிந்தது. ஆன செலவு 42 லட்சம் பவுண்டு. அவ்வளவு அனுபவமுள்ள இடத்திலேயே இப்படி என்றால், சின்னக் குழு எவ்வளவு தாராளமாகக் கணக்குப் போட வேண்டும் என்று யோசியுங்கள்.

செலவை நான்காகப் பிரியுங்கள்: பாய்லர்; சக்கரம், அச்சு, சக்கரங்களை இணைக்கும் ராடுகள்; இடம், கிரேன், போக்குவரத்து; காப்பீடு, பரிசோதனைக் கட்டணங்கள். மற்றதெல்லாம் இவற்றுக்குப் பின்தான். ஆய்வு அறிக்கை வரும் முன்பு போட்ட எந்தத் தொகையையும் நன்கொடையாளரிடம் உறுதியாகச் சொல்லாதீர்கள். மானியங்கள் பல, வேலை முடிந்த பிறகு ரசீதைக் காட்டினால்தான் கைக்கு வரும். இடைப்பட்ட மாதங்களுக்குக் கையிருப்பு இல்லாவிட்டால் வேலை நின்றுபோகும். மூடிய ஷெட் இல்லாமல் பிரித்துப்போட்ட எஞ்சின் மழையில் நனைந்தால், அந்த நிறுத்தம் தனிச் செலவாக வந்து விடியும்.

பாய்லர் பட்டறையில் உங்கள் முறை வர ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகலாம். ஆய்வு அறிக்கை கிடைத்த வாரமே விலைப்புள்ளி கேட்டு, முன்பணம் கட்டி வரிசையில் நில்லுங்கள். விலைப்புள்ளியில் ‘திறந்து பார்த்தபின் தெரியும் கூடுதல் வேலை’க்கு மணிக்கு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். கூடுதல் வேலை கட்டாயம் வரும்.

8. பிரிப்பது

பிரிப்பது சுலபம். பல எஞ்சின்கள் பிரித்த நிலையிலேயே கண்டெய்னர்களில் காலம் கழிப்பதற்கு இந்தச் சுலபம்தான் காரணம்.

ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் அளவுகோல் வைத்துப் புகைப்படம். கழற்றியதும் எண் குத்திய உலோக வில்லை, கம்பியால் கட்டியது. காகிதச் சீட்டும் மார்க்கர் எழுத்தும் எண்ணெயிலும் டீசலிலும் மறைந்துபோகும். இடப்பக்கம், வலப்பக்கம், முன், பின் என்று எண்ணிலேயே தெரியும்படி வையுங்கள். இடைவெளியை நிரப்பும், ஒரே மாதிரி தெரியும் மெல்லிய ஷிம் தகடுகளைக்கூடக் கலக்காதீர்கள். அவை அந்தந்த இடத்துக்கென்றே தேய்த்துப் பொருத்தியவை.

ராடுகளையும், நீராவி வால்வை அசைக்கும் வால்வு கியரையும் துடைத்துப் பார்த்தால் ஓரத்தில் எண் குத்தியிருக்கும். வேறொரு எஞ்சினின் எண் அங்கே இருந்தால் பயப்பட வேண்டாம். பணிமனையில் மாற்றிப் போட்டதாக இருக்கும். அதையும் பதிவேட்டில் எழுதிவையுங்கள்.

பிரிட்டிஷ் வகை எஞ்சின்களில் நட்டும் போல்ட்டும் விட்வொர்த் அளவில் இருக்கும். அந்த மரையின் கோணம் 55 டிகிரி. இன்றைய மெட்ரிக் மரை 60 டிகிரி. கடையில் கிடைக்கும் மெட்ரிக் நட் ஒரு சுற்று ஏறும், அப்புறம் இறுகும். பலம் போட்டுத் திருகினால் மரை கெட்டது கெட்டதுதான். விட்வொர்த் ஸ்பேனர்களும் மரை வெட்டும் டேப், டை செட்டும் முதல் மாதமே வாங்குங்கள்.

பாதுகாப்பில் சமரசம் வேண்டாம். ஃபயர்பாக்ஸ், பாய்லர் உருளை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் காற்றோட்டமில்லாத அடைப்பிடங்கள். உள்ளே ஒருவர் இருந்தால் வெளியே ஒருவர் நின்றே ஆக வேண்டும். கேஸ் சிலிண்டர்க் குழாயை இடைவேளையில் உள்ளே விட்டுவிட்டு வரக் கூடாது. தனியாக ஷெட்டுக்கு வந்து வேலை பார்ப்பதை விதிபோட்டே தடுத்துவிடுங்கள்; ஆர்வம் அதிகமுள்ளவர்தான் முதலில் அதை மீறுவார்.

9. சக்கரமும் அச்சும்

பாய்லர் பட்டறையில் இருக்கும் காலத்தில் இதை முடிக்க வேண்டும். அச்சுகளிலும், ராடுகள் மாட்டும் கிராங்க் பின்களிலும் கண்ணுக்குத் தெரியாத விரிசல் உண்டா என்று சோதித்து அறிக்கை வாங்குங்கள். சக்கரத்தைச் சுற்றிய எஃகு டயரின் தடிமன், விளிம்பின் வடிவம், அச்சுப் பெட்டிகளின் தாங்கிகள் எல்லாவற்றுக்கும் அளவுத்தாள் எழுதிக் கையெழுத்திட்டு வையுங்கள். தாங்கிகளில் உருக்கி ஊற்றும் மென்மையான கலவையான வெள்ளை உலோகத்தைப் பழகாதவர்கள் ஊற்ற வேண்டாம். ஓடும்போது சூடேறி உருகினால் அச்சே கெடும். சக்கரம் கடையும் பெரிய லேத் உள்ள இடங்கள் குறைவு என்பதால் இதற்கும் முன்பதிவு வேண்டும்.

வெளியில் செய்த ஒவ்வொரு பாகத்துக்கும் உலோகச் சான்றிதழ், வெல்டிங் செய்தவரின் தகுதிச் சான்றிதழ் இரண்டையும் வாங்குங்கள். பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால் கிடைக்காது. சான்றிதழ் இல்லாத வெல்டிங்கை வெட்டி எடுக்கச் சொல்ல இன்ஸ்பெக்டருக்கு முழு உரிமை உண்டு.

10. சோதனையும் சான்றிதழும்

முதலில் குளிர்ந்த தண்ணீர்ச் சோதனை. பாய்லர் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, வேலை அழுத்தத்துக்கு மேல் பம்ப் செய்து நிறுத்துவார்கள். அமெரிக்க விதியில் 25 சதவீதம் மேலே. தண்ணீர் அழுத்தத்தில் பெரிதாகச் சுருங்காத பொருள் என்பதால் ஏதாவது விட்டுக்கொடுத்தாலும் கசிவோடு போகும்; காற்றை வைத்து இப்படிச் சோதிப்பது உயிருக்கு ஆபத்து. அடுத்தது சட்டகத்துக்கு வெளியே வைத்தே நெருப்பு மூட்டிப் பார்க்கும் நீராவிச் சோதனை. அதிலும் தேறினால் பாய்லரைச் சட்டகத்தில் ஏற்றி மறுபடி ஒரு சோதனை. பாதுகாப்பு வால்வுகள் குறித்த அழுத்தத்தில் திறக்கின்றனவா, நெருப்பு முழு வேகத்தில் எரியும்போதும் அழுத்தத்தை அடக்குகின்றனவா என்று இன்ஸ்பெக்டர் பார்ப்பார்.

இறுதிச் சோதனையைக் கடைசியில் வையுங்கள் என்றது இதனால்தான். பிரிட்டனின் பாரம்பரியப் பாதைகளில் பாய்லரின் பெரிய பரிசோதனைக்கு வழக்கமான இடைவெளி 10 ஆண்டு. இடையில் ஆண்டுதோறும் பரிசோதனை உண்டு. அமெரிக்காவில் 1,472 சேவை நாட்கள் அல்லது 15 ஆண்டு, எது முதலில் வருகிறதோ அது. பாய்லர் தயாராகிவிட்ட மகிழ்ச்சியில் சோதனையை முடித்துச் சான்றிதழ் வாங்கி, பிறகு மூன்று வருஷம் சக்கர வேலை பார்த்தால், ஓடாத மூன்று வருஷமும் கணக்கில் கழிந்துவிடலாம். எந்த நாளிலிருந்து எண்ணுவார்கள் என்பதை உங்கள் இன்ஸ்பெக்டரிடம் எழுத்தில் கேட்டு, அதற்கேற்ப நாள் குறியுங்கள்.

முதல் நெருப்பை அவசரப்படுத்தக் கூடாது. முந்தின நாளே சின்ன விறகு நெருப்பில் பாய்லரை மெல்லச் சூடாக்குங்கள். தகடும் டியூபும் ஒரே சீராக விரிய வேண்டும். அன்றைக்கு விருந்தினர், கேமரா, பேச்சு எதுவும் வேண்டாம்.

11. ஓட்டத் தொடங்கிய பின்

முதல் ஓட்டங்கள் பெட்டி இல்லாமல், மெதுவாக, அடிக்கடி நிறுத்தி அச்சுப் பெட்டிகளின் சூட்டைப் பார்த்தபடி. புதுப்பித்தவர் என்பதால் ஓட்ட அனுமதி வந்துவிடாது. பொதுவாகத் துடைப்பவராகத் தொடங்கி, நெருப்பைக் கவனிக்கும் ஃபயர்மேனாகத் தேறி, பிறகுதான் டிரைவர். இது வருஷக்கணக்கில் ஆகும். மருத்துவச் சான்றிதழும் விதித் தேர்வும் உண்டு. ஓட்ட ஆசை இருந்தால் புதுப்பிப்பு நடக்கும்போதே அந்தப் பயிற்சியில் சேருங்கள்.

தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடியை ஒவ்வொரு முறையும் நீராவியால் ஊதிச் சோதிக்கப் பழகுங்கள். 1995 ஜூனில் அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க் சுற்றுலா ரயிலில், தண்ணீர் குறைந்து ஃபயர்பாக்ஸின் கூரைத் தகடு விட்டுக்கொடுத்தது. எஞ்சினில் இருந்த மூவரும் வெந்த காயம் அடைந்தார்கள். கண்ணாடிக்குப் போகும் வழியில் உப்பு படிந்து அடைத்திருந்ததை விசாரணை காட்டியது. பாய்லரைக் குறித்த நாளில் கழுவுவதும், தண்ணீரைச் சோதித்து மருந்து சேர்ப்பதும் இதற்காகத்தான். கழுவிய தேதியையும் கழுவியவர் பெயரையும் பதிவேட்டில் எழுதுங்கள்.

எரிபொருளுக்கும் முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும். வேல்ஸில் ஃபோஸ்-இ-ஃப்ரான் சுரங்கம் 2023 நவம்பரில் நிலக்கரி எடுப்பதை நிறுத்தியது. பிரிட்டனின் பாரம்பரியப் பாதைகள் இன்று இறக்குமதியை நம்பியிருக்கின்றன. எந்த நிலக்கரி உங்கள் ஃபயர்பாக்ஸில் சரியாக எரிகிறது என்று சின்ன அளவில் வாங்கிப் பார்த்தபிறகே மொத்தமாக ஆர்டர் கொடுங்கள்.

எஞ்சின் ஓடும் ஒவ்வொரு நாளின் வருமானத்திலிருந்தும் ஒரு பங்கு அடுத்த ஓவர்ஹாலுக்கென்று தனிக் கணக்கில் போக வேண்டும். அந்தப் பங்கு எவ்வளவு என்பதையும், குழுவின் எந்த இருவர் கையெழுத்திட்டால் அந்தப் பணத்தை எடுக்கலாம் என்பதையும் முதல் பயணச்சீட்டு விற்பதற்கு முன்பே தீர்மானமாக நிறைவேற்றி, ரயில் பாதைக்காரர்களோடு போட்ட ஒப்பந்தத்தோடு இணைத்துவிடுங்கள்.